எல்லைக்கோட்டின் இருபுறமும்: பகிர்ந்த இயற்கை வளங்களும் பூர்வகுடிகளின் உரிமையும்

இரு நாடுகளுக்குப் பொதுவான ஆறு, மேய்ச்சல் நிலம், மீன்வளம் ஆகியவற்றைப் பற்றிய தகராறுகளைச் சர்வதேசச் சட்டம் நெடுங்காலமாக அரசுகளுக்கு இடையிலான வழக்காகவே பார்த்து வந்திருக்கிறது. ஆனால் அந்த வளங்களை நம்பி, அரசுகள் எல்லை வகுப்பதற்கு முன்பிருந்தே வாழ்ந்துவரும் பூர்வகுடிகள் பல இடங்களில் இருக்கிறார்கள். சாமி மக்கள் நார்வே, சுவீடன், பின்லாந்து, ரஷ்யா என நான்கு நாடுகளில் பிரிந்து கிடக்கிறார்கள். குவாரனிகள் பிரேசில், பராகுவே, அர்ஜென்டினா, பொலிவியா நாடுகளிலும், ஐமாராக்கள் பெரு, பொலிவியா, சிலி நாடுகளிலும், சக்மாக்கள் வங்கதேசத்திலும் இந்தியாவிலும் வாழ்கிறார்கள். எல்லையை வகுத்தபோது இவர்களை யாரும் கேட்டதில்லை. வளத்தைப் பங்கிட்டபோதும் பெரும்பாலும் கேட்கவில்லை.

இதிலிருந்து மூன்று கேள்விகள் எழுகின்றன. வளத்தின் மீது உரிமை அரசுக்கா, அங்கு வாழும் மக்களுக்கா? எல்லைக்கு அப்பால் இருக்கும் மூதாதையர் நிலத்தில் மேய்க்கவும் வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் உள்ள உரிமை எல்லை வந்த பிறகும் தொடருமா? பக்கத்து நாட்டின் செயலால் பாதிக்கப்படும்போது பூர்வகுடிகள் எந்த மன்றத்தின் கதவைத் தட்டலாம்? முதல் கேள்விக்குச் சர்வதேசச் சட்டம் பாதி விடை தந்திருக்கிறது. இரண்டாவதற்கு ஒரு சில இடங்களில் நல்ல விடை கிடைத்திருக்கிறது. மூன்றாவது கேள்வியில்தான் அதன் பலவீனம் வெளிப்படுகிறது.

இறையாண்மையும் மக்களும்

1962 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய 1803 ஆம் தீர்மானம், இயற்கை வளங்கள் மீதான நிரந்தர இறையாண்மை மக்களுக்கும் நாடுகளுக்கும் உரியது என்று அறிவித்தது. காலனி ஆட்சியிலிருந்து விடுபட்ட நாடுகள் தங்கள் எண்ணெயையும் கனிமங்களையும் அந்நிய நிறுவனங்களிடமிருந்து மீட்க இது துணை நின்றது. 1966 இல் உருவான இரு மனித உரிமை உடன்படிக்கைகளும் தம் முதல் விதியிலேயே இக்கொள்கையை ஏற்றுக்கொண்டன. எந்த மக்களின் வாழ்வாதாரத்தையும் எந்நிலையிலும் பறிக்கலாகாது என்றும் அவை சொல்கின்றன. நடைமுறையில் அரசுகள் இந்த உரிமையைத் தமக்கே உரியதாக எடுத்துக்கொண்டன. ஒரு நாட்டுக்குள் வாழும் பூர்வகுடிகளும் தனி மக்களே, அவர்களுக்கும் இவ்வுரிமையில் பங்குண்டு என்ற வாதம் ஐ.நா. அரங்குகளில் வலுப்பெறப் பல பத்தாண்டுகள் ஆயின. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் எரிக்கா-ஐரீன் டேஸ் 2004 இல் அளித்த அறிக்கை அந்த வாதத்துக்கு முறையான வடிவம் தந்தது.

பழைய சட்டத்தின் பார்வைக்குக் கயூகா வழக்கு சான்று. நியூயார்க் மாநிலத்தில் நிலத்தை விட்டுக்கொடுத்ததற்கு ஈடாகக் கயூகா மக்களுக்கு ஆண்டுத்தொகை தரப்பட்டு வந்தது. அவர்களில் கனடாவுக்குச் சென்றவர்களுக்கு அது மறுக்கப்பட்டது. அவர்கள் சார்பில் வழக்காட வேண்டியிருந்தது பிரிட்டன்தான். 1926 இல் ஆங்கில-அமெரிக்க நடுவர் தீர்ப்பாயம் 1,00,000 டாலர் வழங்க ஆணையிட்டது. ஆனால் ஒரு பூர்வகுடி இனம் சர்வதேசச் சட்டத்தில் தனித் தரப்பாகாது என்றும் சொன்னது. பணம் கிடைத்தது, சட்டத்தின் முன் தாமாக நிற்கும் தகுதி கிடைக்கவில்லை.

விதிகள்

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1957 இல் கொண்டுவந்த 107 ஆம் உடன்படிக்கை பூர்வகுடிகளைப் பொதுச் சமூகத்தில் கரைத்துவிடும் நோக்கம் கொண்டிருந்தது. 1989 இன் 169 ஆம் உடன்படிக்கை அந்த நோக்கத்தைக் கைவிட்டது. நிலத்தடிக் கனிமம் அரசுக்கே சொந்தமாக உள்ள நாடுகளிலும், அகழும் முன் அம்மக்களைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது அதன் 15 ஆம் விதி. எல்லைக்கு இருபுறமும் உள்ள பூர்வகுடிகளின் தொடர்புக்கும் ஒத்துழைப்புக்கும், தேவைப்பட்டால் நாடுகளிடையே ஒப்பந்தம் செய்தாவது, அரசுகள் வழி செய்ய வேண்டும் என்கிறது 32 ஆம் விதி. இதை முதலில் ஏற்ற நாடு நார்வே. இந்தியா பழைய 107 ஆம் உடன்படிக்கையில் சேர்ந்ததே தவிர, 169 ஐ ஏற்கவில்லை.

2007 செப்டம்பர் 13 அன்று பூர்வகுடி மக்களின் உரிமைகள் பற்றிய ஐ.நா. பிரகடனம் 144 வாக்குகளுடன் நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்த ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து, அமெரிக்கா ஆகிய நான்கு நாடுகளும் பின்னர் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டன. நிலம், நீர், கனிமம் ஆகியவற்றைப் பாதிக்கும் எந்தத் திட்டத்துக்கும் அம்மக்களின் சுதந்திரமான, முன்கூட்டிய, விவரமறிந்த ஒப்புதலைப் பெற அரசு முயல வேண்டும் என்கிறது 32 ஆம் விதி. எல்லைகளால் பிரிக்கப்பட்ட மக்கள் ஆன்மிகம், பண்பாடு, பொருளாதாரம் சார்ந்த உறவுகளைத் தொடரும் உரிமையை 36 ஆம் விதி தருகிறது. அரசுகளின் ஆட்சிப்புல ஒருமைக்கு ஊறு வரக் கூடாது என்று 46 ஆம் விதி காப்பு வைத்துக்கொள்கிறது. பிரகடனம் கட்டாயச் சட்டமன்று. ஆயினும் நீதிமன்றங்கள் கட்டாய விதிகளுக்குப் பொருள் காண அதைப் பயன்படுத்துகின்றன.

கட்டாய விதிகளில் மிகுதியாகப் பயன்பட்டது, குடிமை மற்றும் அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 27 ஆம் விதி. சிறுபான்மையினர் தம் பண்பாட்டை அனுபவிக்கும் உரிமையைக் காப்பது அது. ஐ.நா. மனித உரிமைக் குழு, மேய்ச்சலும் மீன்பிடிப்பும் வேட்டையும் அந்தப் பண்பாட்டில் அடங்கும் என்று விளக்கியது. பெருவில் தாக்னா நகருக்காக ஆண்டிஸ் மேட்டுநில நீர் திருப்பப்பட்டு மேய்ச்சல் நிலம் வறண்டபோது, ஓர் ஐமாரா பெண் அக்குழுவிடம் முறையிட்டார். அம்மக்களின் ஒப்புதல் பெறாதது உரிமை மீறலே என்று 2009 இல் குழு முடிவு சொன்னது. அமெரிக்கக் கண்ட நாடுகளுக்கான மனித உரிமை நீதிமன்றம் 2007 இல் சுரினாமின் சரமக்கா மக்கள் தொடர்பான வழக்கில் இன்னும் தெளிவான அளவுகோல் வைத்தது: மக்களின் பங்கேற்பு, பலனில் நியாயமான பங்கு, முன்கூட்டிய சுற்றுச்சூழல் ஆய்வு ஆகிய மூன்றும் வேண்டும், பெருந்திட்டம் என்றால் ஒப்புதலே வேண்டும்.

மேய்ச்சல்: 1751 முதல் 2021 வரை

எல்லை கடந்த உரிமைக்கு மிகப் பழைய சட்டச் சான்று வட ஐரோப்பாவில் இருக்கிறது. டென்மார்க்-நார்வே அரசும் சுவீடனும் 1751 இல் ஸ்ட்ரோம்ஸ்டாட் நகரில் எல்லை வகுத்தபோது, 30 விதிகள் கொண்ட ஓர் இணைப்பை ஒப்பந்தத்தில் சேர்த்தன. சாமி மக்கள் தம் கலைமான் மந்தைகளோடு இலையுதிர்காலத்திலும் வசந்தத்திலும் பழைய வழக்கப்படி எல்லையைக் கடக்கலாம், மறுபுறத்து நிலத்தையும் நீரையும் பயன்படுத்தலாம், போர்க்காலத்திலும் இது தடைபடாது என்று அது உறுதி தந்தது. இந்த இணைப்பு இன்றுவரை ரத்தாகவில்லை.

ஆனால் காலப்போக்கில் அதன் பயன் சுருங்கியது. நார்வே-பின்லாந்து எல்லை 1852 இலும், பின்லாந்து-சுவீடன் எல்லை 1889 இலும் மந்தைகளுக்கு அடைக்கப்பட்டன. நார்வேயும் சுவீடனும் 1919 இலும் 1972 இலும் செய்துகொண்ட மேய்ச்சல் ஒப்பந்தங்கள் சுவீடன் பக்கத்துச் சாமிகளின் மேய்ச்சல் நிலத்தைக் குறைத்தன. 1972 ஒப்பந்தம் 2005 இல் காலாவதியானது. அதற்குப் பதிலாகப் பேசி முடித்த புதிய ஒப்பந்தம் நடைமுறைக்கு வரவில்லை. நார்வே பழைய ஒப்பந்த விதிகளைத் தன் சட்டத்தின் மூலம் தனியாகத் தொடர்ந்தது.

வழி திறந்தது நார்வேயின் உச்ச நீதிமன்றத்தில்தான். அல்தேவத்ன் ஏரி நீர்மின் திட்டத்துக்காக அணை கட்டி உயர்த்தப்பட்டதில் மேய்ச்சலையும் மீன்பிடிப்பையும் இழந்த சுவீடன் சாமிகளுக்கு இழப்பீடு உண்டு என்று 1968 இல் அது தீர்ப்பளித்தது. 2021 ஜூனில் சாரிவுவோமா என்ற சுவீடன் சாமி மேய்ச்சல் சமூகம் தொடுத்த வழக்கிலும் அச்சமூகத்துக்கே வெற்றி. நினைவுக்கெட்டாத காலம் முதல் பயன்படுத்தி வந்ததால் நார்வே நிலத்தில் அவர்களுக்கு மேய்ச்சல் உரிமை உண்டு, அரசுகளின் ஒப்பந்தம் அதை அழித்துவிடாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். உரிமை ஒப்பந்தத்திலிருந்து பிறந்ததன்று. வழிவழியான பயன்பாட்டிலிருந்து பிறந்தது. இக்கட்டுரையில் வரும் தீர்ப்புகளிலேயே தொலைதூரம் செல்லும் கருத்து இதுதான்.

ஆறுகளும் அணைகளும்

இவ்வளவு நல்ல விடை ஆறுகளின் விஷயத்தில் கிடைக்கவில்லை. கனடாவில் தோன்றி அமெரிக்காவில் கடலில் கலக்கும் கொலம்பியா ஆற்றின் சால்மன் மீனே அப்படுகையின் பூர்வகுடிகளுக்கு உணவும் வழிபாடுமாக இருந்தது. 1940 களின் தொடக்கத்தில் முடிந்த கிராண்ட் கூலி அணை மீன் ஏறும் வழியின்றிக் கட்டப்பட்டதால், அதற்கு மேலே கனடா வரை சால்மன் அற்றுப்போனது. 1961 இல் கையெழுத்தாகி 1964 இல் நடைமுறைக்கு வந்த கொலம்பியா ஆற்று ஒப்பந்தம் வெள்ளத் தடுப்பையும் மின்சாரத்தையும் மட்டுமே கருதியது. அதன்படி கனடாவில் மூன்று அணைகள் எழுந்தன. வெள்ளக் காப்புக்காக அமெரிக்கா 6.4 கோடி டாலர் கொடுத்தது. இரு பக்கத்துப் பூர்வகுடிகளிடமும் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை.

அந்தப் படுகையைச் சேர்ந்த சினிக்ஸ்ட் மக்கள் கனடாவில் அழிந்துவிட்டார்கள் என்று 1956 இல் கனடா அரசு அறிவித்திருந்தது. அவர்களுடைய வழித்தோன்றல்கள் எல்லைக்குத் தெற்கே வாஷிங்டன் மாநிலத்தில் வாழ்ந்தார்கள். அவர்களில் ஒருவரான ரிக் டெசோட்டல் 2010 இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு மானை வேட்டையாடி, அதற்காக வழக்கைச் சந்தித்தார். கனடா உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஐரோப்பியர் வந்தபோது கனடா மண்ணில் வாழ்ந்த சமூகத்தின் வழித்தோன்றல்கள் இன்று எல்லைக்கு வெளியே இருந்தாலும், கனடா அரசமைப்பு காக்கும் பூர்வகுடி உரிமை அவர்களுக்கும் உண்டு என்றது. கொலம்பியா ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் பேச்சில் கனடாவின் டுனாஹா, செக்வெப்மெக், சியில்க்ஸ் ஒகனாகன் இனங்களுக்கு 2019 இல் பார்வையாளர் இடம் கிடைத்தது. 2024 ஜூலையில் எட்டிய கொள்கை அளவிலான உடன்பாட்டில், ஆற்றின் நலன் குறித்து ஆலோசனை சொல்லப் பூர்வகுடிகள் தலைமையில் ஓர் அமைப்புக்கும் இடம் உண்டு.

தென் அமெரிக்காவில் பிரேசிலும் பராகுவேயும் 1973 இல் செய்துகொண்ட இத்தாய்ப்பு ஒப்பந்தம் 14,000 மெகாவாட் திறனுள்ள நீர்மின் நிலையத்தை உருவாக்கியது. 1982 இல் நிரம்பிய நீர்த்தேக்கம் ஏறத்தாழ 1,350 சதுர கிலோமீட்டரை மூழ்கடித்தது. பரானா ஆற்றின் இரு கரைகளிலும் அவா-குவாரனி ஊர்கள் அழிந்தன. ஒப்பந்தத்தில் அவர்களுக்கென்று எதுவும் இல்லை. பிரேசில் பக்கத்தில் அவர்களுக்கு 3,000 ஹெக்டேர் நிலம் வாங்கித் தரும் உடன்பாடு 2025 இல்தான் வந்தது. இடையில் ஒரு தலைமுறைக்கு மேல் கழிந்துவிட்டது.

தெற்காசியாவில் இதற்கு இணையான துயரம் கப்தாய் அணை. அன்றைய கிழக்கு பாகிஸ்தானில் கர்ணபூலி ஆற்றின் குறுக்கே 1962 இல் முடிந்த இந்த அணை, சிட்டகாங் மலைப்பகுதியின் விளைநிலத்தில் ஏறத்தாழ 40 விழுக்காட்டை மூழ்கடித்து, சுமார் ஒரு லட்சம் பேரை வெளியேற்றியது. பெரும்பாலோர் சக்மாக்கள். அவர்களில் பல்லாயிரம் பேர் இந்தியாவுக்கு வந்து, இன்றைய அருணாசலப் பிரதேசத்தில் குடியமர்த்தப்பட்டார்கள். அங்குள்ள பழங்குடிகள் தங்கள் நிலம் போய்விடும் என்று அஞ்சி எதிர்த்தார்கள். சக்மாக்களின் உயிரையும் உடைமையையும் காக்கும் கடமை மாநில அரசுக்கு உண்டு என்று 1996 இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஒரு நாட்டின் மின்சாரத் திட்டம் இன்னொரு நாட்டில் குடியுரிமைச் சிக்கலாக மாறிய இந்த விவகாரத்தை எந்தச் சர்வதேச மன்றமும் தீர்க்கவில்லை.

பகிர்ந்த ஆறுகளுக்கான 1997 இன் ஐ.நா. உடன்படிக்கை, ஆற்றை நம்பிய மக்கள்தொகையைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. ஆனால் பூர்வகுடிகளுக்குத் தனி உரிமை எதையும் அது தரவில்லை.

கடல்

பூர்வகுடிகளுக்கு ஒப்பந்தத்திலேயே இடம் தந்த சிறந்த எடுத்துக்காட்டு டோரஸ் நீரிணை. ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான சில தீவுகள் பாப்புவா நியூகினியின் கரைக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கின்றன. அந்நாடு விடுதலை பெறும் காலத்தில் எல்லையை மாற்றும் பேச்சு எழுந்தபோது தீவுவாசிகள் எதிர்த்துப் போராடினார்கள். விளைவாக 1978 இல் கையெழுத்தாகி 1985 இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம், கடற்படுகைக்கு ஒரு கோட்டையும் மீன்வளத்துக்கு வேறொரு கோட்டையும் வகுத்தது. நடுவில் ஒரு பாதுகாக்கப்பட்ட மண்டலத்தையும் அமைத்தது. மரபுவழிக் குடிகளின் வாழ்க்கை முறையைக் காப்பதே அம்மண்டலத்தின் முதன்மை நோக்கம் என்று ஒப்பந்தம் எழுதி வைத்திருக்கிறது. இருநாட்டு மரபுக் குடிகளும் மீன்பிடிக்கவும் உறவினரைப் பார்க்கவும் கடவுச்சீட்டு இல்லாமல் போய்வருகிறார்கள். மண்டலத்தில் கடற்படுகைச் சுரங்கமும் எண்ணெய்த் துளைப்பும் நிறுத்திவைக்கப்பட்டுள்ளன.

மரபுவழி மீன்பிடிப்பைச் சர்வதேசத் தீர்ப்புகளும் மதித்திருக்கின்றன. சான் ஹுவான் ஆற்றின் கோஸ்டா ரிக்கா கரையில் வாழ்வோர் பிழைப்புக்காக அக்கரையிலிருந்து மீன்பிடிப்பது வழக்காற்று உரிமை என்று 2009 இல் சர்வதேச நீதிமன்றம் சொன்னது. அந்த ஆறு முழுதும் நிகரகுவாவுக்கே சொந்தம்.

தமிழ் வாசகர்களுக்கு இது பாக் நீரிணையை நினைவூட்டும். அங்குள்ள மீனவர்கள் சர்வதேசச் சட்டத்தில் பூர்வகுடிகளாக வகைப்படுத்தப்பட்டவர்கள் அல்லர். ஆயினும் பிரச்சினையின் அமைப்பு ஒன்றே. 1974 இன் இந்திய-இலங்கை ஒப்பந்தம் இருநாட்டுப் படகுகளின் மரபான உரிமைகளைக் குறிப்பிட்டது. 1976 இன் கடிதப் பரிமாற்றம் ஒருவர் கடற்பகுதியில் மற்றவர் மீன்பிடிப்பதை விலக்கியது. இருகரையிலும் வாழும் தமிழ் மீனவர்களைப் பேச்சு மேசைக்கு அழைக்காமல் எழுதிய ஏற்பாடு அது. அதன் விளைவை ராமேஸ்வரமும் யாழ்ப்பாணமும் இன்றும் சுமக்கின்றன.

எல்லை கடக்கும் மாசு

பக்கத்து நாட்டுக்குத் தீங்கு விளையும்படி தன் நிலத்தைப் பயன்படுத்த எந்த அரசுக்கும் உரிமையில்லை என்ற விதியை நிலைநாட்டியது 1941 இன் டிரெய்ல் உருக்காலைத் தீர்ப்பு. கனடாவின் டிரெய்ல் நகர ஆலைப் புகை அமெரிக்க விவசாயிகளின் பயிரைக் கெடுத்த வழக்கு அது. அதே ஆலை பல பத்தாண்டுகளாகக் கொலம்பியா ஆற்றில் உலோகக் கசடைக் கொட்டியதைப் பற்றி அந்தத் தீர்ப்பு பேசவில்லை. ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழும் கால்வில் பூர்வகுடிகள் தாமே அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஆலையை நடத்தும் டெக் நிறுவனம் கனடாவில் இருந்தாலும் அமெரிக்கச் சட்டப்படி பொறுப்பேற்க வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2006 இல் வழக்கை அனுமதித்து, 2018 இல் நிறுவனத்தின் பொறுப்பை உறுதி செய்தது.

கொலம்பியா நாடு கோகா பயிரை அழிக்க வானிலிருந்து களைக்கொல்லி தெளித்ததில், எல்லைக்கு அப்பால் எக்குவடோரின் விவசாயிகளும் அவா பூர்வகுடிகளும் பாதிக்கப்பட்டார்கள். எக்குவடோர் 2008 இல் சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2013 இல் 1.5 கோடி டாலருக்கு இரு அரசுகளும் சமரசம் செய்துகொள்ள, பூர்வகுடிகளின் உரிமை பற்றிய தீர்ப்பு வராமலே வழக்கு முடிந்தது. அந்த நீதிமன்றத்தில் அரசுகள் மட்டுமே தரப்பாக முடியும். தொடுப்பதும் முடிப்பதும் அவற்றின் விருப்பம். இந்தக் குறையை ஓரளவு ஈடு செய்வது, அமெரிக்கக் கண்ட நாடுகளுக்கான மனித உரிமை நீதிமன்றம் 2017 இல் வெளியிட்ட ஆலோசனைக் கருத்து. ஒரு நாட்டின் கட்டுப்பாட்டில் நடக்கும் செயலால் எல்லைக்கு வெளியே உரிமை இழப்பவர்களுக்கும் அந்நாடே பொறுப்பு என்று அது கூறுகிறது.

நிறுவனங்களும் முதலீட்டு ஒப்பந்தங்களும்

வளத்தைத் தோண்டுவது பெரும்பாலும் வெளிநாட்டு நிறுவனம். அதற்கு முதலீட்டு ஒப்பந்தங்கள் நேரடியாக வழக்காடும் உரிமை தருகின்றன. பூர்வகுடிகளுக்கு அத்தகைய உரிமை இல்லை. பெருவில் பொலிவிய எல்லையை ஒட்டிய புனோ பகுதியில் சாந்தா அனா வெள்ளிச் சுரங்கத்தை ஐமாரா மக்கள் எதிர்த்துப் போராடியதால் 2011 இல் அரசு அனுமதியைத் திரும்பப் பெற்றது. கனடாவின் பேர் கிரீக் நிறுவனம் நடுவர் தீர்ப்பாயத்துக்குச் சென்று 2017 இல் 1.8 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு பெற்றது. உள்ளூர் மக்களின் இசைவைப் பெறத் தவறியது நிறுவனமே, இழப்பீட்டைக் குறைக்க வேண்டும் என்று நடுவர்களில் ஒருவரான பிலிப் சாண்ட்ஸ் மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார். கலிபோர்னியாவில் குவெச்சான் மக்களின் புனித நிலம் சார்ந்த கிளாமிஸ் சுரங்க நிறுவனத்தின் வழக்கிலோ 2009 இல் அந்நிறுவனம் தோற்றது.

இந்தியாவில் நியம்கிரி மலையில் பாக்சைட் தோண்டும் திட்டத்தில், டோங்ரியா கோந்து மக்களைக் கலந்தாலோசிக்கவில்லை என்று வேதாந்தா நிறுவனத்தை 2009 இல் குறை கூறியது பிரிட்டன் அரசின் ஓர் அமைப்புதான். ஆனால் திட்டத்தை நிறுத்தியது, 2006 இன் வன உரிமைச் சட்டத்தின் அடிப்படையில் இந்திய உச்ச நீதிமன்றம் 2013 இல் பிறப்பித்த ஆணையும், அதன்படி கூடிய 12 கிராம சபைகளின் ஒருமித்த மறுப்பும்தான்.

மதிப்பீடு

இந்த வழக்குகளை ஒருசேரப் பார்த்தால் மூன்று முடிவுகள் தெளிகின்றன. முதலாவது, பூர்வகுடிகளைப் பெயர் சொல்லி ஒப்பந்தத்தில் எழுதிய இடங்களில் உரிமை நிலைத்தது. பயன் சுருங்கினாலும் ரத்தாகாத 1751 இன் இணைப்பும் டோரஸ் நீரிணை ஒப்பந்தமும் இதற்குச் சான்று. அவர்களை விட்டுவிட்டு எழுதிய கொலம்பியா, இத்தாய்ப்பு ஒப்பந்தங்களில் தகராறு முடியாமல் அடுத்த தலைமுறைக்குப் போனது. இரண்டாவது, சர்வதேச விதிகளுக்கு உயிர் கொடுத்தவை பெரும்பாலும் உள்நாட்டு நீதிமன்றங்களே. நார்வேயிலும் கனடாவிலும் இந்தியாவிலும் கிடைத்த நீதி, அரசுகள் மட்டுமே நுழையக்கூடிய ஹேக் நகரச் சர்வதேச நீதிமன்றத்தில் கிடைத்ததில்லை. அதனால் உள்நாட்டுச் சட்டம் பலவீனமான நாடுகளில் வாழும் பூர்வகுடிகளுக்கே இழப்பு மிகுதி. மூன்றாவது, பிந்தி வரும் இழப்பீடு முன்கூட்டிய ஒப்புதலுக்கு ஈடாகாது. மூழ்கிய ஊரையும் அற்றுப்போன மீனையும் பணத்தால் மீட்க முடியாது.

இன்று மின்கலங்களுக்கான லித்தியம் தேடிச் சிலி, அர்ஜென்டினா, பொலிவியா நாடுகளின் உப்புப் பாலைகளில் நிலத்தடி உவர்நீர் உறிஞ்சப்படுகிறது. அங்கும் அரிதான நீரை நம்பி வாழ்பவர்கள் பூர்வகுடிகளே. தூய எரிசக்தியின் பெயரால் பழைய தவறு திரும்ப நடக்கலாகாது. பகிர்ந்த வளத்தைப் பற்றி இனி எழுதும் ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் மூன்று ஏற்பாடுகள் இருந்தாக வேண்டும்: பேச்சுவார்த்தையில் பூர்வகுடிகளுக்கு இடம், திட்டம் தொடங்கும் முன் அவர்களின் ஒப்புதல், மீறல் நேர்ந்தால் அவர்கள் தாமே முறையிடக்கூடிய மன்றம். இம்மூன்றும் இல்லாத ஒப்பந்தம் இரு அரசுகளின் கணக்கைத் தீர்க்கலாம். வளத்தின் மீதான தகராறைத் தீர்க்காது.